பீடத்துப் பின்சுவருக்குப் பொன் மொசைக்: கடையில் விற்கும் தாள் எங்கே சரிவரும், எங்கே வராது

மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ பெரிய மாபிள் கடையில் கேட்டால் பொன்னிறக் கண்ணாடி மொசைக் தாள் காட்டுவார்கள், இல்லையென்றால் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள். ஏறக்குறைய ஓரடிச் சதுர வலைத்துணியில் 20 மி.மீ. கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருக்கும். தடிப்பு 4 மி.மீ. குளியலறைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் வந்த சாமான்தான், ஆனால் இப்போது கத்தோலிக்கக் கோவில் திருத்த வேலைகளில் பீடத்துக்குப் பின்னாலுள்ள அரைவட்டச் சுவருக்கும் கேட்கிறார்கள். அந்தச் சுவருக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். அதற்கு மேலே கவிந்து நிற்கும் அரைக்குவிமாடத்துக்கு ஒன்றுதான்.

சுவர் ஒரு பக்கமாக மட்டும் வளைவதால் தாள் சுற்றிப் படியும். குவிமாடம் இரண்டு பக்கமும் வளைகிறது. தோடம்பழத்தில் கடதாசி ஒட்டினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். மேசன் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டுவார், நடுவில் ஆப்பு வடிவில் விழும் இடைவெளியைக் கிரவுட்டால் அடைப்பார். கீழே நின்று பார்த்தால் மாதாவின் தலைக்கு மேல் கோடுகள் ஓடும்.

அதைவிடப் பெரிய குறை வெளிச்சம். சிசிலியின் செஃபலு பேராலயத்தில் 1148 என்று ஆண்டு பொறித்த கிறிஸ்துவின் உருவம் இருக்கிறது. அந்தக் காலத்து வேலையில் ஒவ்வொரு துண்டையும் ஈரச் சுண்ணாம்புக் கலவையில் கையால் அழுத்துவார்கள். எதுவும் ஒரே மட்டத்தில் நிற்காது. அதனால்தான் ஆள் நடக்க நடக்கப் பொன்னும் கூடவே மினுங்குகிறது. தாளில் வருவது ஒரே மட்டம். பல்பு விழும் இடத்தில் மட்டும் பளீரென்று கண்ணைக் குத்தும், மற்ற இடம் மங்கிக் கிடக்கும்.

இதற்கு வழி உண்டு. தாளை வெந்நீரில் ஊறப்போட்டால் பெரும்பாலான வகைகளில் பசை விட்டுத் துண்டுகள் கழரும். சில்லு வைத்த கண்ணாடிக் குறடால் ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, கையால் சற்றுச் சாய்த்துச் சாய்த்துப் பதிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு சதுர அடிக்கு மேல் கலவை பூசக்கூடாது. எங்கள் வெக்கையில் சீக்கிரமே மேலே ஆடை கட்டிவிடும், பிறகு துண்டு பிடிக்காது. முதல் வேலைக்கு முகங்களை விட்டுவிட்டு, ரோமில் சான் கிளெமெந்தே கோவிலின் 12ஆம் நூற்றாண்டுக் குவிமாடத்தில் இருப்பதுபோல் சுருண்டு படரும் கொடி போடுங்கள். கொடி வளைவோடு சேர்ந்து ஓடும், சிறு பிசகைப் பொறுக்கும். கண்ணும் மூக்கும் பொறுக்காது.

பொன் துண்டை வாங்குமுன் ஓரத்தைப் பாருங்கள். பழைய முறையில் பொன் தகடு இரண்டு கண்ணாடிக்கு நடுவே இருக்கும். கடையில் கிடைப்பதில் பல, பின்பக்கம் பூச்சு அடித்தவை. திறப்பால் பின்பக்கம் சுரண்டினால் உரிந்து வந்தால் விட்டுவிடுங்கள். சீமெந்தின் காரமும் ஈரமும் சேர்ந்து அதைக் கறுக்க வைக்கும்.

வெனிஸ் பக்கத்துத் தோர்செல்லோ கோவிலில், பொன் வெளியில் மாதா தனியே நிற்கும் அந்தப் புகழ்பெற்ற அரைக்குவிமாடம், எங்களைப் போலவே உப்பு வாவிக்குள் இருக்கும் ஒரு தீவில்தான் உள்ளது. ஈரத்தோடு உப்பு சுவரில் ஏறிப் பூத்தால் மொசைக் பின்னாலிருந்து தள்ளுப்பட்டு விழும். அதனால் கீழ் நான்கடிக்கு ஒட்டாமல் சுண்ணாம்பு அடித்து விடுவது நல்லது. அந்தக் காலத்துக் கோவில்கள் பலவற்றிலும் கீழே பளிங்குப் பலகை, மேலேதான் மொசைக். பூச்சுக்குக் கடல் மணல் ஆகவே ஆகாது. பூசி 28 நாள் காயவிட்டு, மாரிக்கு முன் வேலையை முடிக்க வேண்டும்.

அளவு: வளைவின் விட்டம் 10 அடி என்றால் குவிமாடம் ஏறக்குறைய 79 சதுர அடி. கீழே 8 அடி உயரச் சுவர் 126 சதுர அடி; நான்கடி விட்டால் 63. சேதாரத்துக்குச் சுவருக்குப் பத்து வீதம், குவிமாடத்துக்கு இருபது வீதம் கூட்டி, ஒரே தொகுதி இலக்கத்தில் ஒரே தடவையாக எடுங்கள். பிறகு வாங்கினால் நிறம் மாறும்.

ஒட்டும் கலவை வெள்ளையாக இருக்க வேண்டும், சாம்பல் நிறம் கண்ணாடிக்குள்ளால் தெரியும். மணல் சேர்ந்த கிரவுட் பொன்னைக் கீறும். முடிந்த பின் அசிட் ஊற்றிக் கழுவ யாரையும் விடாதீர்கள்; ஈரப் பஞ்சும் காய்ந்த துணியும் போதும்.