சாயம் ஏத்தின கடலை விதை: வேர்ப்புழு சாகும்னு சொல்லி வித்தாங்க

ஆடிப்பட்டத்துக்குக் கடலை விதை வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க. கடை பேரைச் சொல்ல மாட்டேன், புகார் நடந்துட்டு இருக்கு.

ஏற்காட்டு அடிவாரத்துல, குப்பனூர் பக்கம் எங்களுக்கு மானாவாரி மேட்டுக்காடு. வேர்ப்புழு அங்க புதுசில்ல. முன்னெல்லாம் போரேட்ங்கிற பூச்சிமருந்துக் குருணை தூவுவோம். 2020 கடைசியோட அதுக்குத் தடை வந்துடுச்சு. அந்த நாத்தத்தை மூச்சுல இழுத்தவங்க யாரும் அதுக்காக அழ மாட்டாங்க. ஆனா அதுக்குப் பதிலா என்ன போடுறதுன்னு தேடி வர்ற ஆளுங்களைத்தான் இப்பக் குறிவைக்கிறாங்க.

கடைக்காரர் மேசை மேல ஒரு டம்ளர் வச்சிருந்தார். உள்ள மண்ணு, சிவப்பா சாயம் ஏறின விதைப்பருப்பு, கூட நாலஞ்சு புழு. கவுத்துக் காட்டினார். புழு துவண்டு கிடந்தது. "பாருங்கண்ணா, செத்துருச்சு. இதை விதைச்சா அறுவடை வரைக்கும் வேர்ப்புழுக் கவலையே வேண்டாம், குருணைச் செலவும் மிச்சம்"னார். சாதா விதையை விடக் கிலோவுக்கு 40 ரூபாய் கூட.

முளைப்பு அருமையா இருந்தது, அதுல குறை சொல்ல முடியாது. பூவெடுத்து விழுது இறங்குற சமயத்துல செடி திட்டுத் திட்டா வாட ஆரம்பிச்சது. புடுங்கினா வேரே இல்லாம கையோட வருது. தோண்டினா 'சி' எழுத்து மாதிரி சுருண்டு, கொழுத்த புழு. என் மச்சான்தான் மூட்டையில தச்சிருந்த சீட்டை எடுத்துப் படிச்சான். மருந்து: தைரம். அவ்வளவுதான். தைரம் பூஞ்சாண மருந்துங்க. விதையழுகலுக்குப் போடுறது, வேர்ப்புழுவை அது ஒண்ணும் பண்ணாது. அப்ப டம்ளர்ல இருந்த விதை வேற, எங்களுக்குக் கட்டிக் கொடுத்த விதை வேற. சாயம் மட்டும் ஒரே சிவப்பு.

சரி, டம்ளர்ல இருந்தது நிஜமாவே இமிடாகுளோபிரிட்ங்கிற பூச்சிமருந்து ஏத்தின விதைன்னே வச்சுக்குவோம். அப்பவும் அவர் சொன்னது பொய்தான். அந்த வகை மருந்து புழுவோட நரம்பைப் பிடிக்கும். புழு துவளும், தீனி எடுக்காது, தொட்டாலும் அசையாது. பார்க்கிறவங்க செத்துருச்சுன்னுதான் நினைப்பாங்க. கனடாவுல கோதுமை வயல்ல, மண்ணுக்குள்ள இருந்து பயிரைத் தின்கிற கம்பிப்புழுவை வச்சு இதை ஆராய்ஞ்சிருக்காங்க. மருந்து ஏத்தின விதைகிட்ட வந்த புழு வாரக்கணக்கா, சிலது மாசக்கணக்கா மயங்கிக் கிடந்து, பிறகு தெளிஞ்சு எழுந்திருக்கு. அந்தப் போகத்துக்குப் பயிர் தப்பிக்குது, ஆனா மண்ணுக்குள்ள புழு எண்ணிக்கை பெருசா குறையல. அதுக்கு முன்னால இருந்த லிண்டேன்ங்கிற மருந்துதான் நிஜமா கொன்னுச்சு. அதோட நஞ்சு மண்ணுல தங்குதுன்னு அதையும் ஒழிச்சுட்டாங்க. நம்ம வேர்ப்புழு வேற இனம், அதே மாதிரிதான் நடந்துக்கும்னு நான் சொல்ல வரல. துவண்ட புழுவைக் காட்டி யாராவது செத்ததுன்னு சொன்னா, சில வாரம் கழிச்சு அதே டம்ளரைத் திரும்பக் காட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு, காலக் கணக்கு. விதையில ஏறின மருந்து நாத்து வழியா மேல ஏறும், செடி வளர வளர நீர்த்துப் போகும். முதல் சில வாரத்துக்குத்தான் அதுக்கு வீரியம். கோடை மழைக்கு வெளிய வர்ற வண்டு வேம்புல இலை தின்னுட்டு மண்ணுல முட்டை விடுது. அதுல பொரிச்ச புழு மூணாவது பருவத்துக்கு வந்து வேரை மொத்தமா அறுக்கிறப்ப விதை மருந்து எங்க இருக்கும்? "அறுவடை வரைக்கும்"கிற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துடுங்க.

புகார் கொடுத்தோம். விதை ஆய்வாளர் கடைக்கு வந்து மாதிரி எடுத்தார். முளைப்புத்திறன் கடலைக்கு 70 சதவீதம் இருந்தா போதும், இது அதுக்கு மேல. தரமான விதைன்னு முடிவு வந்துடுச்சு. அந்தப் பரிசோதனை முளைப்பு, ஈரப்பதம், சுத்தம் இதெல்லாம்தான் பார்க்கும். வாயால கொடுத்த வாக்கை எந்த ஆய்வகத்துலயும் சோதிக்க முடியாதே. கடைக்காரர் இப்ப "நான் அப்படிச் சொல்லவே இல்ல"ங்கிறார். டம்ளரையும் காணோம்.

ஆனா வழி அடைபட்டுப் போகல. விதை வாங்கின விவசாயியும் நுகர்வோர்தான்னு உச்ச நீதிமன்றம் 2012ல சொல்லியிருக்கு. 5 லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்துல கட்டணமும் கிடையாது. பில்லு, சீட்டு, வயல்ல எடுத்த போட்டோ எல்லாத்தோடயும் சேலத்துல மனு போட்டிருக்கோம்.

மருந்து ஏத்தின விதைன்னா மருந்தோட பேரு சீட்டுல இருக்கணும்னு 1968 விதை விதிகளே சொல்லுது. பணம் கொடுக்கிறதுக்கு முன்ன அந்தப் பேரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க, குவியல் எண்ணோட (லாட் நம்பர்) பில் வாங்குங்க, "வேர்ப்புழுவுக்கு"ன்னு அதே பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மறுத்தா, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல புழுவைக் கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தொழுவுரத்தோட எப்படிக் கலந்து போடுறதுன்னு விசாரிச்சுட்டு, சாதா விதையையே வாங்கிக்குங்க. கிலோவுக்கு அந்த 40 ரூபாயாவது மிஞ்சும்.