ஆத்தங்குடி டைல்ஸும் ஆன்லைன் பிராண்டும்: ஒரு பட்டறைக்காரனின் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் எங்கள் குடும்பத்துக்குக் கையால் சிமெண்ட் டைல்ஸ் செய்கிற ஒரு பட்டறை இருக்கிறது. கல் (டைல்ஸைத்தான் நாங்கள் கல் என்போம்) ஊற்றுவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது எல்லாம் மாமா பார்த்துக்கொள்வார். போன், படம், பார்சல், பாக்கி வசூல் என் பொறுப்பு. 2018-ல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்ததிலிருந்து ஆன்லைனில் எங்கள் பட்டறைக்கு ஒரு பேர் உண்டாக்க என்னென்னவோ பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பேர். எங்கள் பக்கம் யார் கடை திறந்தாலும் போர்டில் முதல் சொல் ‘செட்டிநாடு’தான். மெஸ், பலகாரம், சில்க்ஸ், ஆன்டிக்ஸ் எல்லாவற்றுக்கும் அதே தலைப்பு. கூகுளில் அதைத் தட்டினால் சிக்கன் வறுவல் விற்கிற வெளியூர் ஹோட்டல்களெல்லாம் வரிசைகட்டி வரும், நம் பட்டறை எங்கோ அடியில் கிடக்கும். வெறும் ஊர்ப் பேரை டிரேட்மார்க்காகக் கேட்டாலும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் லேசில் விடாது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் அந்தப் பகுதி நெசவாளர்கள் எல்லாருக்கும் பொதுதான். தனி ஒரு கடை அதைச் சொந்தம் கொண்டாட முடியாது.

அதனால் எங்கள் குடும்பத்தை ஊரில் கூப்பிடுகிற பட்டப்பேரையே பட்டறைப் பேராக்கினோம். மாமாவுக்குக் கொஞ்சம் கூச்சம். “வெளியூர்க்காரன் சிரிக்கப் போறான் மாப்ளே” என்றார். சிரிக்கட்டும், மறக்க மாட்டான் இல்லையா? அந்தப் பேரில் தேடினால் இன்றைக்கு எங்களைத் தவிர யாரும் வருவதில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி டைல்ஸ் போட்ட ஒருவர் வீட்டுக்குப் போன விருந்தாளிகூட அந்த ஒரு சொல்லை வைத்தே எங்களைப் பிடித்துவிடுகிறார். இப்படி ஒரு பேரை டிரேட்மார்க்காகப் பதியலாம். அந்தப் பதிவில் டைல்ஸ் 19-ஆம் வகுப்பில் வருகிறது. தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்து, எதை எங்கே வைப்பது. டிக்டாக்கில் எங்கள் தெருப் பையன் ஒருத்தன் பலகார வீடியோ போட்டு நல்ல கூட்டம் சேர்த்திருந்தான். 2020 ஜூனில் தடை வந்ததும் ஒரே ராத்திரியில் அத்தனையும் போய்விட்டது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்த குட்டி வெப்சைட்டை நம்பியிருந்த கடைகள் இங்கே நிறைய. 2024 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்தியது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அடித்து வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். இதெல்லாம் வாடகை வீடு மாதிரி, வெள்ளையடிக்கலாம், ஆனால் சுவரில் உரிமை கிடையாது. எங்கள் பேரில் ஒரு டொமைன் வாங்கி, நாலே பக்கத்தில் வெப்சைட் போட்டிருக்கிறோம். அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போர்டு, பில், பார்சல் பெட்டி எல்லாவற்றிலும் அந்த ஒரு முகவரிதான். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதித் தேடுகிறார்கள். அத்தனை எழுத்துக்கூட்டலையும் அந்தப் பக்கங்களில் வாக்கியத்தோடு வாக்கியமாகச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

கூகுள் மேப்ஸ்தான் எங்களுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது, இதில் சந்தேகமே வேண்டாம். கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்த்துவிட்டுக் காரில் வருகிறவர்கள் பாதி வழியில் ‘டைல்ஸ் மேக்கிங்’ என்று தேடுகிறார்கள். பட்டறை திறக்கிற நேரம், சாப்பாட்டு இடைவேளை, ஞாயிறு வேலை நடக்குமா என்பதைச் சரியாகப் போட்டு வைத்தாலே போதும், வண்டி வாசலில் வந்து நிற்கும். திருவிழாவுக்குப் பட்டறை மூடினால் முந்தின நாளே மாற்றிவிடுவேன். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற ஆள் ஒற்றை ஸ்டார் போடாமல் போக மாட்டார்.

ஸ்டார் என்றதும் ஞாபகம் வருகிறது. லாரி பார்சலில் ஓரம் உடைந்த கல்லுக்காக ஒருவர் காரமாக எழுதியிருந்தார். அதை நீக்கச் சொல்லி நான் கெஞ்சவில்லை. மாற்றுக் கல் அனுப்பி, அந்த ரசீதின் படத்தோடு அவருக்குப் போட்ட வாட்ஸ்அப்பின் சாரத்தை அங்கேயே பதிலாக எழுதினேன். நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாக வாங்கச் சொல்வது ஏன் என்றும் விளக்கினேன். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் இன்றும் அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். ஐந்து ஸ்டார் விமர்சனங்களை யாரும் இவ்வளவு கவனமாகப் படிப்பதாகத் தெரியவில்லை.

இன்ஸ்டாகிராமை ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தோம். பேர் வேண்டாம். நண்பர்கள் தினம், அன்னையர் தினம், தேசிய டாக்டர்கள் தினம் என்று லோகோ போட்ட வாழ்த்து அட்டைகள் வாராவாரம் வந்தன. ஃபாலோயர்ஸ் ஏறியது, விசாரிப்பு ஏறவில்லை. ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா, “உங்க பேஜ்ல இருக்கிற அந்த நீலக் கல் வேணும்” என்று கேட்டார். பார்த்தால் அது எங்கள் கல்லே இல்லை. இணையத்தில் கிடைத்த ஏதோ வெளிநாட்டு டைல்ஸ் படம். அன்றோடு கணக்கை முடித்துக்கொண்டோம்.

பிறகு நானே போனை எடுத்துக்கொண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். துடைத்த கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்ட் ஊற்றுகிறார். அச்சை மேலே தூக்குகிறபோது கலர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கலங்காமல் நிற்கும். மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவையைத் தூவி, அதன் மேல் கலவை அப்பி, கரணையால் தேய்த்துச் சமன் செய்வார். இதைப் பாட்டு, எடிட்டிங் எதுவும் இல்லாமல் அப்படியே போட்டேன். சூளை எங்கே, பாலிஷ் மெஷின் எங்கே என்று கமெண்ட்டில் கேள்வி குவிந்தது. சூளையே கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது என்று பதில் போட்டால் அதற்கு நாலு கேள்வி. காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர் இப்படிக் கேள்வி கேட்பாரா?

கலர் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போன் திரையில் தெரிகிற சிவப்பு ஒன்று, கைக்கு வருகிற சிவப்பு ஒன்று. கைவேலை என்பதால் ஒரே சிவப்பிலும் கல்லுக்குக் கல் லேசாக மாறும். இப்போதெல்லாம் நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துத்தான் படம் எடுக்கிறேன். ஆர்டர் உறுதியாகும் முன் ஒரு சாம்பிள் கல்லை கூரியரில் அனுப்புகிறோம். புதுக் கல்லை விட, பல வருஷம் மிதிபட்டுத் தேங்காய் எண்ணெய் துடைப்பில் பழகிய முற்றத்தின் படத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த மாதிரிப் படம் போட்ட நாட்களில் ‘விலை என்ன’ என்று மட்டும் கேட்டுவிட்டு மறைகிறவர்கள் குறைந்து, ‘ஹால் இருபதுக்குப் பதினாலு, எத்தனை கல் ஆகும்’ என்று கேட்கிறவர்கள் வருகிறார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக், லேபிள், குயிக் ரிப்ளை மூன்றையும் தினமும் பயன்படுத்துகிறேன். ‘சாம்பிள் போயாச்சு’, ‘அட்வான்ஸ் வந்தாச்சு’, ‘ஊறுகிறது’ என்று லேபிள். கடைசியைப் பார்த்து மருமகள் ஊறுகாய் வியாபாரமா என்று கேட்டாள். ஒரு குறை: கேட்டலாக்கில் டிசைன் கூடக்கூட ஆட்கள் குழம்பிப் போகிறார்கள். நாங்கள் குறைத்து வைத்த பிறகு ஆர்டர் சீக்கிரம் முடிவாகிறது.

ஃபேஸ்புக்கில் வெளிநாட்டுச் சொந்தக்காரர்களும் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் இருப்பதால் விட்டுவைத்திருக்கிறோம், தனியாக உழைப்பதில்லை. வாடிக்கையாளர் நம்பரைக் காசுக்குத் தருகிற லீட் தளம் ஒன்றிலும் ஒரு வருஷச் சந்தா கட்டினோம். அதே நம்பரைப் பல பட்டறைகளுக்கும் கொடுப்பதால், போன் எடுக்கிறவர் ஏற்கெனவே சலித்துப் போயிருப்பார். பேச்சு நேராக விலை அடிப்பதில்தான் போய் முடியும். எங்கள் பேர் அங்கே செல்லாக்காசு. புதுப்பிக்கவில்லை.

காசு கொடுத்து விளம்பரம் போடுவது ஒரே பருவத்தில்தான். தை மாதக் கிரகப்பிரவேசத்துக்குத் தளம் போடுகிறவர்கள் ஐப்பசியில் கல் தேட ஆரம்பிப்பார்கள். புரட்டாசிக் கடைசியில் தொடங்கி கார்த்திகை பாதி வரை கூகுளில் சின்னத் தொகை, சென்னை, கோவை, பெங்களூர் மட்டும். அதோடு நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் வருகிற ஆர்டரை ஊற்றிக் கொடுக்கக் கையும் கிடையாது, ஊறப்போடத் தொட்டியும் காலி கிடையாது.