வீட்டு ஆபீசுக்கு எந்த ஃபேக்ஸ்: தெர்மல், ஃபிலிம், இன்க்ஜெட், லேசர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். சாட்ஸ்வொர்த் வீட்டின் பின்னறைதான் ஆபீஸ். போன வாரம் சித்தி மகள் வெருலமிலிருந்து கூப்பிட்டாள். அவளும் வீட்டிலேயே ஒரு வேலை தொடங்குகிறாள்: டாக்டர்களுக்காக மெடிக்கல் எய்டுக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு, பில் அனுப்புவது. "அக்கா, பாதி டாக்டர்கள் இன்னும் ஃபேக்ஸில்தான் தாள் அனுப்புகிறார்கள். மலிவாக எந்த மிஷின் வாங்கலாம்?" என்று கேட்டாள். போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

புது மிஷின்கள் கடைகளில் குறைந்துவிட்டன. பழைய மிஷின்கள்தான் மலிவாகக் கிடைக்கின்றன. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஃபேக்ஸ் மிஷின்கள் ஒன்றோடொன்று பேசும் மொழி 1980இல் வகுக்கப்பட்ட குரூப் 3 என்ற தரம். அந்தத் தரத்தில் வந்த மிஷின் எதுவானாலும் இன்றைய மிஷினோடு பேசும். ஆகவே வயதை விட, எதில் அச்சடிக்கிறது, எந்த லைனில் ஓடுகிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தெர்மல். விலையில் இதுதான் அடிமட்டம். மையே கிடையாது, சூடுபட்டால் கறுக்கும் தாள் சுருள் ஒன்று போதும். 30 மீட்டர் சுருளில் ஏறத்தாழ 100 ஏ4 பக்கம் வரும். பழுதாகும் பாகங்களும் குறைவு. நான் முதலில் வாங்கியதும் இதைத்தான். நான்கு வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடியது. அப்புறம் ஒரு கடைக்காரரின் கணக்கை வரித்துறை சரிபார்க்கக் கேட்டபோது கோப்பைத் திறந்தேன். சப்ளையர்களிடமிருந்து வந்த பில்களில் முக்கால்வாசி வெளிறிப்போயிருந்தன. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்தவைதான் மோசம். அந்த பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருளே எழுத்தைத் தின்றுவிடுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. டர்பன் வெக்கையும் ஈரமும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இந்த நாட்டில் வரிக் கணக்குத் தாள்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் தாளை நம்பி அந்த ஐந்து வருடத்தைக் கடக்க முடியாது. வந்த அன்றே நகல் எடுத்து வைக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் இதை வாங்கலாம். அந்தக் கடைக்காரருக்காக ஒவ்வொரு சப்ளையரிடமும் போய்க் கெஞ்சி பில் வாங்கிய மூன்று வாரத்தை நான் மறக்கவில்லை.

அடுத்தது மை பூசிய ஃபிலிம் சுருள் வைத்த மிஷின். சாதாரணத் தாளில் அச்சடிக்கும், வெளிறாது, விலையும் தெர்மலை விடக் கொஞ்சம்தான் அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சித்தி மகளுக்கு "வேண்டவே வேண்டாம்" என்று நான் சொன்னது இதைத்தான். தாளில் ஒரே வரி இருந்தாலும் ஒரு முழுப் பக்க அளவுக்கு ஃபிலிம் ஓடிவிடும். 30 மீட்டர் ஃபிலிமில் 90 பக்கம் வந்தால் அதிகம், அத்தோடு சுருள் தீர்ந்தது. இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். எழுத்தின் மை தாளுக்குப் போகும்போது அதே வடிவம் ஃபிலிமில் வெற்றிடமாகத் தங்கிவிடும். தீர்ந்த சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் வந்த ஒவ்வொரு பக்கத்தையும் வரிசையாகப் படிக்கலாம். நோயாளியின் பெயர், நோய், அடையாள எண் எல்லாம் அதில் இருக்கும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் இங்கே முழுமையாக அமலில் இருக்கிறது. மருத்துவத் தகவலைக் கையாளுகிறவள் அந்தச் சுருளைக் குப்பையில் போட முடியாது, ஒவ்வொன்றையும் வெட்டி அழிக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவருடைய நோய் குப்பைவண்டியில் திறந்து கிடக்கக் கூடாது.

இன்க்ஜெட் ஆல்-இன்-ஒன் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. தினமும் அச்சடிக்கிற வீட்டுக்கு நல்லது. வாரத்துக்கு நாலு ஃபேக்ஸ் வருகிற வீட்டில் மை உலர்ந்து அச்சுத் தலை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யவே பாதி மை போய்விடும். ஈரக் கை பட்டால் எழுத்து கரையும்.

மிச்சம் இருப்பது கறுப்பு வெள்ளை லேசர். பழையதாக வாங்கினாலும் நான்கிலும் இதற்குத்தான் முதலில் அதிகம் கொடுக்க வேண்டும். ஆனால் இதில் மைக்குப் பதில் டோனர் என்ற தூள், மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கெடாது. ஒரு டோனரில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் வரும். அச்சு வெளிறாமல் நிலைக்கும். டோனர் விலையை அதன் பக்கக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். ஃபிலிமுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். இரண்டு பெட்டி ஃபிலிம் வாங்குவதற்குள் எது மலிவு என்று புரிந்துவிடும். லேசருக்கு ஒரு குறை உண்டு, அது நம் ஊருக்கே உரிய குறை. டோனரை உருக்கும் உருளை சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும். லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த 2023இல் பலரும் சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தோமே, அதில் லேசரைச் சொருகக் கூடாது. அந்த யூபிஎஸ்ஸில் தெர்மல் மிஷின் அலட்டாமல் ஓடும். கரண்ட் போன நேரத்திலும் ஃபேக்ஸ் வந்தே ஆக வேண்டிய தொழில் என்றால் தெர்மலுக்கு இந்த ஒரு மதிப்பெண் உண்டு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கரண்ட் போனால் நினைவகத்தில் இருக்கும் பக்கங்களை மிஷின் தக்கவைக்கிறதா? மலிவான சிலவற்றில் எல்லாம் அழிந்துவிடும்.

வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வினாடிக்கு 14.4 கிலோபிட் வேகத்தில் ஒரு சாதாரணப் பக்கத்துக்குச் சுமார் 6 வினாடி, 33.6இல் 3 வினாடி. வீட்டு ஆபீசில் அந்த 3 வினாடியை வைத்து ஒன்றும் செய்யப் போவதில்லை. தெளிவுக்குக் கொடுங்கள். சாதாரண நிலையில் ஃபேக்ஸ் மேலிருந்து கீழாக ஒரு அங்குலத்துக்கு 98 வரிதான் படிக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. காவடித் திருவிழா நோட்டீஸ் ஒன்றைச் சாதாரண நிலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். புள்ளிகள் பாதி மறைந்து, "ி"யும் "ீ"யும் ஒன்றுபோல் போய்ச் சேர்ந்தன. அண்ணன் போன் செய்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஃபைன் நிலையில் 196 வரி. அதில் அனுப்பினால் புள்ளி நிற்கிறது. நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை.

இப்போது லைனுக்கு வருகிறேன். உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வீட்டுக்கு வருவது செம்புக் கம்பியா, ஃபைபரா? இங்குள்ள தொலைபேசி நிறுவனமான டெல்காம் பல இடங்களில் செம்புக் கம்பியைக் கைவிட்டு ஃபைபருக்கும் கம்பியில்லா இணைப்புக்கும் மாறிவருகிறது. ஃபேக்ஸ் என்பது அடிப்படையில் சத்தம். தாளின் கறுப்பையும் வெள்ளையையும் ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்புகிறது. இணையத் தொலைபேசியோ மனிதக் குரலுக்கு ஏற்றபடி ஒலியைச் சுருக்குகிறது. குரலுக்கு அது போதும், ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடும். ஃபைபர் வீட்டில் மிஷின் வைத்தே தீர வேண்டும் என்றால், சேவை தருகிறவரிடம் டி.38 (ஃபேக்ஸை ஒலியாக அல்லாமல் தரவாக இணையத்தில் அனுப்பும் முறை) உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒலியைச் சுருக்காத ஜி.711 என்ற முறையிலாவது லைனை வைக்கச் சொல்லி, மிஷினில் வேகத்தை 9600க்கு (9.6 கிலோபிட்) குறையுங்கள். இரண்டுக்கும் "தெரியாது" என்று பதில் வந்தால் மிஷினுக்குப் பணம் போடாதீர்கள்.

செம்புக் கம்பி இருக்கிறவர்களுக்கு வேறு ஆபத்து. கோடையில் பிற்பகல் இடி இங்கே சாதாரணம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இன்னும் கடுமை. மின்னல் கரண்ட் வழியாக மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்த அண்ணனின் மிஷின் அப்படித்தான் போனது. தொலைபேசிக் கம்பிக்கும் துவாரம் உள்ள, திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் பிளக் ஒன்றை மிஷினோடு சேர்த்தே வாங்குங்கள்.

மிஷினே இல்லாத வழியும் உண்டு. 086இல் தொடங்கும் ஃபேக்ஸ்-டு-ஈமெயில் எண். அனுப்புகிறவர் அந்த எண்ணுக்கு ஃபேக்ஸ் செய்தால் உங்கள் ஈமெயிலில் வந்து விழும். பெறுவதற்கு உங்களுக்குச் செலவில்லை. அழைப்புக் கட்டணம் அனுப்புகிறவர் தலையில், அதுவும் சாதாரண அழைப்பை விடக் கூடுதலாக. எனக்கு இதில்தான் மனம் உறுத்துகிறது. கடைக்கார மாமா பத்துப் பக்கம் அனுப்பினால் என் வசதிக்கு அவர் காசு கொடுக்கிறார். அதனால் என் வாடிக்கையாளர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; செம்புக் கம்பி எண்ணையும் சேர்த்தே கொடுக்கிறேன். தாள் வெளிறாது, கரண்ட் போனாலும் தொலையாது, தேடினால் கிடைக்கும் என்பதெல்லாம் இதன் பலம். நோயாளித் தகவல் மூன்றாவது நிறுவனம் ஒன்றின் கணினி வழியாகப் போகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

மிஷினுக்கு உள்ள ஒரு சிறப்பு, அனுப்பி முடித்ததும் தேதி, நேரம், எண்ணோடு வரும் சீட்டு. தகராறு வரும்போது அது கைகொடுக்கும். ஆனால் அதில் "ஓகே" என்று இருந்தால் எதிர் மிஷின் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம். அங்கே தாள் தீர்ந்திருக்கலாம், யாரும் எடுக்காமல் தட்டிலேயே கிடக்கலாம். முக்கியமான தாளானால் போன் செய்து கேட்பேன்.

சித்தி மகள் வீட்டில் ஃபைபர்தான். அவள் சேவைக்காரரிடம் டி.38 இல்லை. ஆகவே பெறுவதற்கு 086 எண், டாக்டர்களிடம் கட்டண விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதிலை ஸ்கேன் செய்து ஈமெயிலில் அனுப்ப ஸ்கேனர் உள்ள பழைய லேசர் ஒன்று. செம்புக் கம்பி இருந்திருந்தால் ஃபேக்ஸ் உள்ள லேசரையே வாங்கச் சொல்லியிருப்பேன். சனிக்கிழமை இருவருமாகக் கடைக்குப் போகிறோம். தமிழில் எழுதிய ஒரு தாளைக் கையில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேன் செய்து, அச்சடித்து, புள்ளிகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் பணம்.