அமெரிக்கச் சிறை போன் சேவை: ஐந்துக்கு ஒரு ஸ்டார்

நண்பன் ஒருவன் முதலில் கவுண்டி ஜெயிலில் (மாவட்ட அளவிலான உள்ளூர்ச் சிறை) இருந்தான், இப்போது மாநிலச் சிறையில் இருக்கிறான். இரண்டு இடத்திலும் உள்ள போன் சேவைக்குக் காசு கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை, பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாற வழியே கிடையாது. ஆள் எந்தச் சிறையில் இருக்கிறாரோ, அந்தச் சிறை யாரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ அவர்கள்தான்.

நாம் கூப்பிட முடியாது, உள்ளே இருப்பவர்தான் கூப்பிட வேண்டும். எடுத்ததும் பதிவு செய்த குரல் ஒன்று பேசும், நடுவில் பெயர் மட்டும் அவருடைய சொந்தக் குரலில் வரும். அப்புறம் இந்த அழைப்பு பதிவாகிறது என்ற அறிவிப்பு, ஏற்பதற்கு ஒரு எண்ணை அழுத்து என்ற உத்தரவு. பணம் இல்லாத குடும்பங்களுக்கு அந்தப் பெயர் சொல்லும் சில நொடிதான் போன் கால். பெயருக்குப் பதிலாக "வியாழன் கோர்ட்" என்று அவசரமாகச் சொல்வார்கள், இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்கள். காசு கட்டி ஏற்றாலும் எங்களுக்கு 15 நிமிடம்தான். அது முடியப்போகும்போது பேச்சின் நடுவிலேயே எச்சரிக்கை நுழையும், யார் அழுதுகொண்டிருந்தாலும் சரி. வீடியோ காலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பாதி நேரம் முகம் உறைந்துபோய் நிற்கும்.

எனக்குக் கோபம் வந்தது கட்டணத்தில்தான். நிமிடக் கட்டணம் தனி, கார்டு மூலம் போன் கணக்கில் பணம் போடுவதற்குத் தனியாக 3 டாலர். 10 டாலர் போட்டாலும் 3, 50 போட்டாலும் 3. கையில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். இதில் ஒரு பங்கு சிறை நிர்வாகத்துக்கே கமிஷனாகப் போவது பல இடங்களில் நெடுநாள் வழக்கம். அதிகக் கமிஷன் தருகிறவருக்கு ஒப்பந்தம் கிடைத்தால் விலை எப்படிக் குறையும்? கவுண்டி ஜெயில்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஜாமீனுக்குப் பணம் புரட்ட, வக்கீலைப் பிடிக்க, வேலை போகாமல் காப்பாற்ற அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி இந்த போன்தான்.

இதை மாற்றவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்த்தா ரைட் என்ற பாட்டி, பேரனோடு பேசக் கட்டுப்படியாகவில்லை என்று 2003-இல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தார். அவர் பெயரில் சட்டம் வந்தது 2023 ஜனவரியில்தான், அதற்குள் அவர் இறந்துவிட்டார். அந்தச் சட்டப்படி 2024-இல் ஆணையம் சிறைகளுக்கு நிமிடத்துக்கு 6 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தது, கமிஷனையும் தடை செய்தது. 2025-இல் அதே ஆணையம் அமலை 2027-க்குத் தள்ளிவைத்தது, பிறகு அக்டோபரில் வரம்பையே உயர்த்தியது. இருபது வருடம் போராடி வாங்கியதை ஒரே வருடத்தில் நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள்.

ஆனால் மாநிலங்கள் காத்திருக்கவில்லை. கனெக்டிகட் 2022-இல் சிறை அழைப்புகளை இலவசமாக்கியது, 2023-இல் கலிஃபோர்னியா, மினசோட்டா, மாசசூசெட்ஸ் சேர்ந்தன. நியூயார்க் நகர ஜெயில்களில் 2019 முதலே இலவசம். சுமார் 19 லட்சம் பேரை அடைத்து வைத்திருக்கும் நாட்டில் தண்டனைக் காலத்தைக் குறைப்பது, ஜாமீன் முறையைத் திருத்துவது எல்லாம் பெரிய சண்டைதான், நடக்கத்தான் வேண்டும். போன் கட்டணத்துக்கு அவ்வளவு நாள் தேவையில்லை, மாநில பட்ஜெட்டில் ஒரு வரி எழுதினால் போதும். குடும்பம் நேரில் வந்து பார்த்த கைதிகள் விடுதலைக்குப் பிறகு மறுபடி குற்றம் செய்வது குறைவு என்று மினசோட்டா சிறைத்துறையே 2011-இல் ஆய்வு செய்து சொன்னது. தூரத்தில் இருப்பவர்களுக்கு நேரில் போவது நடக்கிற காரியமா? அவர்களுக்குக் குரல்தான் இருக்கிறது.

அந்த ஒரு ஸ்டாரையும் கொடுத்தது லைன் தெளிவாக இருப்பதற்காகத்தான்.

வேறு வழியில்லாமல் பயன்படுத்துகிறவர்களுக்கு: முடிந்தால் மொத்தமாகப் பணம் போடுங்கள். மூன்றாவது ஆளை இணைக்க முயலாதீர்கள், கால் துண்டாகிவிடும். வேறு சிறைக்கு மாற்றினால் பழைய கணக்கில் இருக்கும் மீதியை உடனே கேட்டு வாங்குங்கள், தானாக வராது.