சிடி மேல் ஒட்டிய ஸ்டிக்கரை யாரையும் உரிக்க விடாதீர்கள்

பழைய சிடியிலிருந்து போட்டோ மீட்டுத் தருவதாக போர்டு மாட்டிய கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா கல்யாணம் 2006-இல். ஸ்டுடியோக்காரர் படங்களை இரண்டு சிடியில் எழுதி, மணமக்கள் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். ஆல்பத்தில் இருப்பது அறுபது படம்தான். மிச்சமெல்லாம் சிடியில். போன மாதம் கம்ப்யூட்டரில் போட்டால் இரண்டுமே சுற்றுகின்றன, திறக்கவில்லை.

ஒன்றை மட்டும் கடைக்கு எடுத்துப் போனேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "கீறல்தான் சார், பாலிஷ் போட்டா வந்துடும்" என்றார். முன்பணம் 800 ரூபாய். மறுநாள் போனால், "டெட் ஆயிடுச்சு சார்." ஸ்டிக்கர் ஓரம் தூக்கியிருந்ததாம், உரித்துவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளிப் பூச்சே இல்லை, வெளிச்சம் ஊடுருவி வருகிறது. உரித்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கினேன். பசை முழுக்க வெள்ளிச் செதில்கள். அப்பா பந்தியில் நின்று பாயசம் ஊற்றிய படங்கள் அந்த சிடியில்தான் இருந்தன. அவர் இப்போது இல்லை. பணமும் திரும்பவில்லை, சர்வீஸ் சார்ஜாம்.

பளபளக்கும் அடிப்பக்கத்தில்தான் பதிவு இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். அங்கே இருப்பது சுமார் 1.2 மி.மீ. பிளாஸ்டிக். அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போடலாம். பதிவைத் தாங்கும் சாயமும் வெள்ளிப் பூச்சும் லேபிள் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஸ்டிக்கரை இழுத்தால் அவையும் கூடவே வந்துவிடும். அப்புறம் உரிந்துபோன இடத்தில் இருந்த பதிவை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. இதையே தொழிலாகச் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

இரண்டாவது சிடியை வீட்டிலேயே பார்த்தோம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. கீறல் விழுந்தால், பதிவு வட்டமாக ஓடும் தடத்தோடேயே ஓடும். லினக்ஸில் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். ஒரு டிரைவ் விட்டதை வேறு டிரைவில் தொடரலாம். நண்பரின் பழைய டெஸ்க்டாப் டிரைவ்தான் எங்களுக்குக் கை கொடுத்தது. இரண்டு ராத்திரி ஓடியது. ஒன்பது படம் தவிர எல்லாம் வந்துவிட்டன.

கடைக்கே போவதாக இருந்தால், முதலில் முழு சிடியையும் இமேஜாக, அதாவது அதில் இருப்பதை அப்படியே ஒரே கோப்பாக நகல் எடுக்க முயல்வார்களா என்று கேளுங்கள். உங்களைக் கேட்காமல் பாலிஷ் போடவோ ஸ்டிக்கரைத் தொடவோ கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் சிடியைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.