தேக்குத் தரைக்கு எண்ணெயா, பாலியூரித்தேனா?

யாங்கோனில் பழைய வீட்டைப் பழுது பார்ப்பவர்களுக்குத் தேக்குத் தரை வந்ததும் குழப்பம் தொடங்கும். கடையில் பாலியூரித்தேன் என்ற வார்னிஷ் டின்னை எடுத்து நீட்டுவார்கள். வயதான ஆசாரியோ எண்ணெயே போதும் என்பார். நாங்கள் கூடத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் மாடி அறைக்குப் பாலியூரித்தேனும் பூசினோம். என் ஓட்டு எண்ணெய்க்குத்தான்.

மெழுகு, அரக்கு பாலிஷ் இரண்டையும் முதலிலேயே தள்ளிவிடலாம். தண்ணீர் தேங்கினால் வெள்ளைத் திட்டு விழும். திஞ்சான் என்னும் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வந்தால் பிள்ளைகள் சொட்டச் சொட்ட உள்ளே ஓடிவருகிற ஊர் இது.

பாலியூரித்தேனின் பெருமை எல்லோருக்கும் தெரியும்: பளபளப்பு, உறுதி, குழம்பு கொட்டினாலும் ஒரு துடைப்பில் போய்விடும். அடுக்களைப் பக்கம் அதற்கு ஈடில்லை. ஆனால் தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்காவிட்டால் பூச்சு சரியாகப் பிடிக்காது. கூலிக்கு வருபவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

எனக்கு முக்கியம், பூச்சு தேய்ந்த பிறகு என்ன செய்வது என்பதுதான். பாலியூரித்தேன் மரத்தின் மேல் ஏடாகப் படிந்து நிற்கும். பலகையோ மழைக்காலத்தில் உப்பும், தை மாசியில் சுருங்கும். இணைப்புகளில் ஏடு விரிசல் விட்டு, ஈரம் உள்ளே இறங்கி, ஓரம் வெளுத்து உரியும். அந்த இடத்தில் மட்டும் பூசினால் ஒட்டுப் போட்டது அப்பட்டமாகத் தெரியும். கடைசியில் அறையையே காலி செய்து மெஷின் போட்டுத் தேய்க்க வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். யாங்கோனில் அது எப்போது போகும், எப்போது வரும் என்று யார் சொல்வது? தவிர, தேய்க்கும்போதெல்லாம் மரமும் கொஞ்சம் போகிறது. நான்கைந்து தடவை தேய்த்த பழைய தளங்களில் ஆணித் தலை வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடும். எங்கள் வாசற்படிக்கு உட்புறம், தெரு மணல் அரைபடும் இடம், வருடத்துக்குள் சாம்பல் பூத்துவிடுகிறது. ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்து, துணியில் எண்ணெய் தொட்டுத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால் பழைய நிறம் வந்துவிடும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்புதான். கட்டிலை நகர்த்த வேண்டியதில்லை, கரண்டும் வேண்டாம். மழைக்காலத்தில் மட்டும் தொடாதீர்கள், நாள்கணக்கில் காயாது. கார்த்திகைக்கு மேல் பூசுவது நல்லது.

வருடாவருடம் கைவேலை உண்டே என்றால் மறுக்க மாட்டேன். வாடகைக்கு விடும் வீடானால், குடியிருப்பவர் எண்ணெய் தடவப் போவதில்லை. அங்கே பாலியூரித்தேனே மேல். இதெல்லாம் தேக்கில் கண்டது. பியின்காடோ என்கிற இன்னொரு கடினமரப் பலகைக்கும் இப்படியே என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

எண்ணெய் என்று முடிவு செய்தால் ஒன்றில் கவனம்: துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வையுங்கள்.