காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 ஸ்டீல் என்றார்: மொட்டை மாடி சமையல்கட்டில் ஏமாந்த கதை

மொட்டை மாடியில் சமையல்கட்டு போட நினைப்பவர்கள், முக்கியமாகக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வேலையை எடுத்துச் செய்தவர் பெயரைப் போடப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

எங்கள் வீடு சென்னை கொட்டிவாக்கத்தில். மாடியில் நின்றால் கடல் தெரியாது, உப்புக்காற்று மட்டும் தவறாமல் வரும். ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடித்தே தீர வேண்டும். மாடியில் பதினைந்து வருடமாக ஒரு ஷெட் இருந்தது. தகரக் கூரை, செங்கல் சுவர்மேல் கடப்பா கல் மேடை, ஒரு குழாய், அவ்வளவுதான். வடகம் பிழிய, ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் மீன் பொரிக்க என்று அதுவே போதுமாக இருந்தது. கூரை ஓட்டையானதும் எல்லாவற்றையும் புதுசாக்கிவிடலாம் என்று ஆசை வந்தது. கூடவே ஒரு பார் கவுண்டர் வேண்டும் என்றாள் மகள். டாஸ்மாக் ஞாபகம் வேண்டாம், எங்கள் வீட்டில் அதன்மேல் வந்து நிற்பது மோரும் நன்னாரி சர்பத்தும்தான்.

கையில் இருந்தது ஒன்றரை லட்சம். இரண்டு பேர் இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் சொன்னார்கள். மூன்றாவதாக வந்தவர் எல்லாம் சேர்த்து 1,42,000 என்றார். ஸ்டீல் மேடை, சிங்க், கீழே அலமாரி, கூரை, பார் கவுண்டர் எல்லாம் அதில் அடக்கம். "பில் போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும்க்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றார். சரி என்று தலையாட்டினேன். அங்கேயே வழுக்கிவிட்டேன்.

பணம் கொடுக்கும் முறையும் அவர் சொன்னதுதான். வேலை தொடங்கும்போது 40 சதவீதம், சாமான் வந்து இறங்கியதும் 50, மீதி 10 வேலை முடிந்ததும். யோசித்துப் பாருங்கள், ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னால் என் பணத்தில் 1,27,800 ரூபாய் அவர் கையில். அதற்குப் பிறகு நான் என்ன கேட்டாலும் "பார்த்துக்கலாம்க்கா" என்பதுதான் பதில்.

ஸ்டீல் இறங்கிய அன்று நான் விவரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, "இது 304 தானே?" என்று கேட்டேன். 304 என்பது எளிதில் துருப்பிடிக்காத ஸ்டீல் ரகம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சுப் பாருங்க, ஒட்டுதா?" ஒட்டவில்லை. வீட்டுக்காரரும் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. அத்தைகூட வந்து வேடிக்கை பார்த்தார். எங்கள் கையாலேயே சோதித்துப் பார்த்த திருப்தியில் இரண்டாவது தவணையைக் கொடுத்தோம்.

ஆவணியில் சிங்க் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். தேய்த்தால் போகும், நாலு நாளில் திரும்ப வரும். கேட்டதற்கு, "உப்புத் தண்ணி, நீங்க சரியா தொடைக்கலை" என்றார். பாத்திரக் கடை நடத்தும் உறவினர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். 304-லும் காந்தம் ஒட்டாது, அதைவிட மட்டமான 202 ரகத்திலும் ஒட்டாதாம். 304 என்றால் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். ஸ்பூன் பெட்டியில் 18/8 என்று போட்டிருப்பது அதைத்தான். 202-ல் நிக்கல் ஏறக்குறைய பாதிதான், அந்த இடத்தில் மாங்கனீஸைப் போட்டு நிரப்புகிறார்கள். விலை குறைவு, வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்குப் பரவாயில்லை, உப்புக்காற்றில் நிற்காது. இன்னொரு வேடிக்கை, நல்ல 304 தகட்டைக்கூட மடித்த இடத்தில் லேசாகக் காந்தம் இழுக்கும். ஆக, காந்தத்தை நம்பினால் நல்லதை ஒதுக்கிவிட்டு மட்டமானதை வாங்கி வர வேண்டியதுதான்!

இதற்கென்றே சின்ன பாட்டிலில் ஒரு திரவம் விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்தால் 202 சில நொடியில் சிவக்கும், 304 அப்படிச் சிவக்காது. எங்கள் மேடையில் விட்டோம். குங்குமம் கரைத்தது மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அலமாரிக்கு 710 முத்திரை போட்ட பிளைவுட் என்று சொல்லி, முத்திரையைக் காட்டி ஒரு பலகையை முன்னால் வைத்திருந்தார். ஐஎஸ் 710 என்பது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடாத ரகம். மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதல் மழைக்கே கதவுகள் உப்பி மூட முடியாமல் போயின. மூலையில் கிடந்த ஒரு வெட்டுத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் வெங்காயம் மாதிரி இதழ் இதழாகப் பிரிந்தது. உண்மையில் மாடிக்குப் பிளைவுட்டே வேண்டாம். செங்கல் தடுப்பு கட்டி நடுவில் கல் பலகை செருகினால் செலவும் குறைவு, ஆயுசும் அதிகம். இதை ஒரு கொத்தனார் எனக்கு இலவசமாகச் சொன்னார், எல்லாம் முடிந்த பிறகு.

பெரிய அடி ஐப்பசியில். கூரைக் கால்களை நிறுத்த, தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்கியிருந்தார். தட்டோட்டையும் அதன் அடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லித் தளத்தையும் துளைத்துக்கொண்டு போல்ட் கான்கிரீட்டுக்குள் போயிருக்கிறது. மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, கீழே அத்தை படுக்கிற அறையின் கூரையில் பெரிய ஈரத் திட்டு. "கெமிக்கல் ஊத்தி அடைச்சிட்டேனே" என்றார் போனில். அதுதான் அவரோடு கடைசியாகப் பேசியது. தளத்தைத் தொடாமல், மேலேயே கனமான கான்கிரீட் கட்டை வார்த்து அதில் கால்களைப் பதித்திருக்கலாமாம்.

பார் கவுண்டர்? அது நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்பைக் கிழக்கு ஓரத்தில் வைத்துவிட்டதால் மத்தியானம் கடற்காற்று கிளம்பினால் தீ அணைந்துவிடுகிறது, அவ்வளவே.

எனக்கு ஆறாதது அந்தக் கடப்பா கல்தான். பதினைந்து வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்து ஒரு கீறல் விழாத மூன்று பலகைகள். இடிசல் என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அள்ளிப் போகிற கூலி என்று என்னிடமே 1,500 ரூபாய் வாங்கினார்.

புகார் விஷயம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாததால் திண்டாடினேன். நல்ல வேளை, பணம் வங்கி வழியாகப் போயிருந்தது, "304 தான்க்கா, கவலைப்படாதீங்க" என்று அவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய செய்தியை நான் அழிக்கவில்லை. கடைசி 14,200-ஐயும் கொடுக்கவில்லை. அதைக் கேட்டு மட்டும் அவர் ஆள் அனுப்புகிறார்.

அந்தச் சோதனை பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. பாலவாக்கம், திருவான்மியூர் பக்கம் யாராவது ஸ்டீல் வாங்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், தருகிறேன். பேட்டரி மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.